கடப்பாறை இறங்கிய இடம்

இளவேனிலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். பீளமேட்டுப் பக்கம் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. வார்ப்பிலிருந்து வரும் பம்பை இறுக்கி மூடி, உள்ளே காற்றை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை. ஓட்டை எங்கே, எதனால் வந்தது என்று எழுதித் தர வேண்டும். எழுதி எழுதி அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பருப்பு இன்றைக்கு ஏன் வேகவில்லை, பால்காரர் இரண்டு நாளாக ஏன் சிரிக்கவில்லை என்று எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். அவள் புருஷன் தமிழ்வேந்தன் திருப்பூர் பஸ்ஸில் கண்டக்டர். இவளோடு குடித்தனம் நடத்துவது தினமும் செக்கிங் இன்ஸ்பெக்டரை ஏற்றிக்கொண்டு போவது போல என்று சொல்லிச் சிரிப்பான்.

அப்பேர்ப்பட்டவள் ஏன் என்று கேட்காமல் விட்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது அவள் வீட்டு வாசலில் நின்ற நாவல் மரம்.

பொன்மலர் நகர் நான்காவது வீதியில் ஒரே வரிசையாக ஒன்பது வீடுகள். எதிரே மூடிக் கிடக்கும் மில்லின் நீண்ட மதில். ஆறாவது வீடு இளவேனிலுடையது. கட்டின வீடாக வாங்கிக் குடிவந்த மாதமே நாற்றுப் பண்ணையில் ஒட்டுக்கன்று வாங்கி வந்து வைத்தாள். ஆறு வருஷத்தில் மரம் மொட்டை மாடியை எட்டிவிட்டது. இரண்டு வருஷமாக மழை சரியில்லை. வீதியில் மற்ற மரங்களெல்லாம் இலை சுருண்டு ஏதோ உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இந்த மரம் மட்டும் பளபளவென்று நின்றது. இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய்கள். ஆனி பிறந்தால் கறுத்துவிடும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அண்ணாந்து பார்த்து, உனக்குக் கைராசி அம்மணி என்றார்கள். ஊர் உலகத்தையே கேள்வி கேட்கிறவள் இதை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள். புகழ்ச்சிக்குக் காரணம் யார் கேட்கிறார்கள்?

அவள் நாவலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவள் அம்மா வள்ளியாத்தாளும் அப்பாவும் கூலி வேலை செய்தார்கள். அங்கே கிணற்றோரம் ஒரு நாவல் மரம். கீழே விழுந்து மண்ணில் நசுங்கிய பழத்தைக்கூடத் தோட்டக்காரரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஒன்பது வயதில் இளவேனில் நாலு பழம் பொறுக்கித் தின்றாள். அன்று சாயங்காலம் தோட்டக்காரர் வேலைக்காரப் பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, நாக்கை நீட்டு என்றார். இவள் நாக்கு ஊதா. அம்மா கை கட்டி நின்று, இனிமேல் நடக்காதுங்க என்று மூன்று தடவை சொன்னாள். அதற்குப் பிறகு இளவேனில் டிப்ளமோ படித்து, வேலைக்குச் சேர்ந்து, மேலாளரிடமே ஓட்டையைக் காட்டிச் சண்டை போடும் ஆளாகிவிட்டாள். ஆனாலும் அந்த நாக்கு மட்டும் வாய்க்குள் அப்படியே கிடந்தது. அவள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ மரங்களுக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். சொந்தம் என்று ஒரு மரம் இதுதான் முதல். ஆனி பிறந்ததும் வந்து முதல் பழத்தைப் பறித்துத் தருமாறு அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள். வாரம் ஒரு தடவை வள்ளியாத்தாள் போன் போட்டு, கறுத்துச்சா, கறுத்துச்சா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் கடைசி மூன்று வீடுகளுக்குக் குடிதண்ணீர் நின்றுபோனது.

கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீரில் இரண்டு ஜாதி உண்டு. போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், துவைக்க, கழுவ. குழாயில் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வருவது நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. அந்த நல்ல தண்ணீர் பங்குனி மாதம் நூலாக இளைத்து, சித்திரையில் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது வீடுகளில் சுத்தமாக நின்றது. ஆறாவது வீடு வரை ஒரு குறையும் இல்லை.

ஏழாவது வீட்டில் தாஜுன்னிசா. கோட்டைமேட்டுச் சந்து வீட்டிலேயே ஐம்பது வருஷம் இருந்துவிட்டு, கொஞ்சம் மண் தரை வேண்டும் என்று இங்கே வந்தவள். புருஷன் ஜபருல்லா பெரிய கடைவீதியில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிறவர். தாஜுன்னிசாவின் குடங்களில் அவள் பேர் பூ வேலையோடு இருக்கும். அந்தக் குடங்கள் ஒரு மாதமாக இளவேனில் வீட்டுக் குழாயடிக்கு வந்து போயின. இரண்டு முட்டியும் தேய்ந்தவள் ஒவ்வொரு தடவையும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவதை இளவேனிலால் பார்க்க முடியவில்லை. எங்கோ ஓட்டை இருக்கிறது அல்லது அடைப்பு இருக்கிறது, கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்பினாள்.

கண்டுபிடிப்பதில் ஒரே ஒரு சிக்கல். குழாய் எங்கே போகிறது என்றே யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சைட் போட்டு விற்றவர் குழாயைப் பதித்தார், விற்றார், போய்விட்டார். வரைபடம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்குள் வரும் சின்னக் குழாயைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்றால், எல்லார் வீட்டிலும் அது போர்டிகோ டைல்ஸுக்கு அடியில் இருந்தது. தண்ணீர் வருகிற வீட்டுக்காரர் எவர் டைல்ஸை உடைக்க விடுவார்? தண்ணீர் வராத மூன்று வீட்டுக்காரர்களும்கூட, முதலில் வெளியில் பாருங்கள் என்றுதான் சொன்னார்கள்.

நகர் சங்கத்துச் செயலாளர் கதிரேசன் மூன்றாவது வீட்டுக்காரர். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஏற்பாட்டில் மாசாணம் என்ற பிளம்பர் வந்தான். ஆனைமலைக்காரன், நாற்பது வயது, பேச்சு மெதுவாக இருக்கும், கை மெதுவாக இருக்காது. காங்கிரீட் ரோட்டின் ஓரமாக மூன்று இடத்தில் குழி வெட்டினான். ஒன்றிலும் குழாய் இல்லை. சுக்காங்கல் பூமி அது. கடப்பாறையைப் போட்டால் ணங்கென்று எகிறும். மூன்று குழிக்கு மூன்று நாள் போனது. இதற்குமேல் என்றால் ரோட்டையே உடைத்துப் புது லைன்தான் போட வேண்டும், மனு கொடுத்து அனுமதி வாங்கித் தீபாவளி தாண்டிவிடும் என்று கதிரேசன் கையை விரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இளவேனில் மொட்டை மாடியில் கூழ் வடகம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து இடுப்பை நெட்டி முறித்தபோது வீதி முழுக்கக் கண்ணில் பட்டது. ஒன்பது வீடு, ஒன்பது வாசல், ஒன்பது மரம். முதல் மூன்று மரங்கள் மதிலை ஒட்டினாற்போல. நாலாவது வீட்டு மாமரம் மட்டும் உள்ளே தள்ளி, கேட்டுக்கு நேராக. பிறகு ஐந்தாவது வீட்டுச் செண்பகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, இவள் நாவல் மறுபடி மதிலோரம், அடுத்து தாஜுன்னிசாவின் மருதாணி மரம், அப்புறம் ஒரு கொய்யா, ஒரு வேம்பு. பூக்கட்டுகிறவள் நூல் பிடித்தது போல ஒரு கோடு. நாலாவது வீட்டில் வளைந்து திரும்புகிறது, அவ்வளவுதான்.

அவள் வடகத்தை மறந்தாள். ஒன்பது குடும்பமும் வெவ்வேறு வருஷத்தில் வந்தவர்கள். ஒருவரை ஒருவர் கேட்டு மரம் வைத்தவர்கள் இல்லை. பேச்சு வார்த்தையே இல்லாத வீடுகளும் உண்டு. பிறகு எப்படி எல்லாரும் ஒரே கோட்டில் வைத்தார்கள்?

பாதி மாவை அப்படியே மூடி வைத்துவிட்டு இறங்கினாள். முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஏனுங்க, இந்த மரத்தை ஏன் இந்த இடத்தில் வைத்தீர்கள் என்று ஒரு கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி வந்தால் எப்படியிருக்கும்? ஆனாலும் கொங்கு நாட்டு மரியாதை, உட்கார வைத்துக் காப்பி கொடுத்துத்தான் பதில் சொன்னார்கள். முதல் வீட்டுக்காரர் வாஸ்து என்றார். இரண்டாவது வீட்டில் மில் மதிலை மறைக்க என்றார்கள். கதிரேசன் தன் காருக்கு நிழல் வேண்டும் என்று வைத்ததாகச் சொன்னார். கார் என்னவோ வீட்டின் இன்னொரு பக்கத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நாலாவது வீட்டு மாமரம் கேட்டைப் பாதிக்குமேல் திறக்க விடாமல் தடுத்தது; அந்த வீட்டு மாப்பிள்ளை ஸ்கூட்டரைக் கோணலாக நுழைப்பதை வீதியே தினமும் பார்க்கும். அதற்கும் அவர்கள் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: வருகிறவர்களுக்கு மாவிலை முகத்தில் பட்டால் நல்லதாம்.

இப்படி எல்லாருக்கும் ஒரு காரணம். ஒருவர் காரணம் இன்னொருவருக்கு இல்லை. இளவேனில் விடவில்லை. கம்பெனியில் ஓட்டைக்கு வார்ப்புக்காரன் ஒரு காரணம் சொல்வான், கடைசல்காரன் ஒரு காரணம் சொல்வான். அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு பம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பாள். திரும்பவும் முதல் வீட்டுக்கே போய்க் கேள்வியை மாற்றிக் கேட்டாள். குழி யார் வெட்டினது? எப்படி வெட்டினீர்கள்?

முதல் வீட்டுக்காரர் யோசித்தார். வாஸ்துப்படி வேறு மூலையில்தான் வெட்ட ஆரம்பித்தார்களாம். கடப்பாறை இறங்கவே இல்லை. கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி, கடைசியில் இந்த இடத்தில்தான் இறங்கியது. வாஸ்து பார்த்தவரும் இது பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாவது வீட்டிலும் அதே கதை. கதிரேசன் கார் நிற்கும் பக்கத்தில் இரண்டு கடப்பாறை முனை மழுங்கினதை அப்போதுதான் நினைவுபடுத்திக்கொண்டார். நாலாவது வீட்டில் கேட்டுக்கு நேராக மட்டும் மண் பொதுபொதுவென்று இருந்ததாம்.

இளவேனில் நடு வீதியில் நின்றுவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முன் தமிழ்வேந்தன் மூன்று இடத்தில் கடப்பாறை போட்டுத் தீப்பொறி பறந்ததும், நாலாவது இடத்தில் அல்வாவில் கத்தி போல இறங்கியதும், இந்தா உன் மரத்துக்கு இடம் என்று அவன் வியர்வையைத் துடைத்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தன. சுக்காங்கல் பூமியில் ஒரு இடம் மட்டும் மெத்தென்று இருந்தால் அது பூமியின் குணம் இல்லை. ஏற்கெனவே யாரோ வெட்டி மூடியிருக்கிறார்கள். சைட் போட்டவர் குழாய்க்காக வெட்டி மூடின பள்ளத்தில்தான் வீதி மொத்தமும் பார்த்துப் பார்த்து மரம் வைத்திருக்கிறது.

அப்படியானால் குழாய் ஏன் ரோட்டோரம் இல்லாமல் மதிலுக்குள்ளே இருக்கிறது? அதற்கும் பதில் கிடைத்தது. மதில் கட்டும்போது முதல் வீட்டுக்காரர் மூன்றடி ரோட்டுப் பக்கம் நகர்த்திக் கட்டினார். அவர் கட்டினாரே என்று இரண்டாவது வீடு. அவர்கள் கட்டினார்களே என்று மற்றவர்கள். செயலாளர் கதிரேசன் வீட்டு மதிலும் அதே மூன்றடியில்தான் நின்றது. இந்த மூன்றடியைப் பற்றி வீதியில் யாரும் வாய் திறப்பதில்லை என்பதால் மாசாணத்திடமும் யாரும் சொல்லவில்லை.

மாசாணத்துக்குப் போன் போட்டாள். சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டான். மத்தியானமே வந்து நாலாவது வீட்டு மாமரத்துக்கு இரண்டடி தள்ளிக் கடப்பாறையைப் போட்டான். முட்டியளவு ஆழத்தில் குழாய் வெயிலைப் பார்த்தது. வளைவுக்குக் காரணமும் தெரிந்தது: பக்கத்தில் ஒரு பெரிய பாறை, அதைச் சுற்றிக்கொண்டுதான் குழாய் போயிருந்தது.

"எத்தனையோ வருசமாக் குழி வெட்டறேனுங்க. மரத்தப் பாத்துக் குழாயச் சொன்னவீங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்றான் மாசாணம்.

வீதி கூடிவிட்டது. கதிரேசன் கையைக் குலுக்கினார். தாஜுன்னிசா இளவேனிலின் கன்னத்தை வழித்து நெற்றியில் விரலை முறித்துக்கொண்டாள். இளவேனிலுக்குத் தலை கால் புரியவில்லை. பதினாறு வருஷ வேலையில் இப்படி ஒரு ஓட்டையை அவள் கண்டுபிடித்ததில்லை.

மாசாணம் அடுத்த கணக்கைப் போட்டான். ஆறாவது வீடு வரைக்கும் தண்ணீர் வருகிறது, ஏழாவதுக்கு வரவில்லை. ஆறாவது வீட்டுத் தொட்டிக்குள் குழாய் தாஜுன்னிசா வீட்டுப் பக்கச் சுவரிலிருந்து நுழைகிறது. ஆகவே இளவேனிலின் இணைப்பு அந்தக் கோடி மூலையில்தான் இருக்க வேண்டும். அதைத் தாண்டி வருகிற முதல் மரம் தாஜுன்னிசாவின் மருதாணி. குழாய்க்குள் புகுந்து அடைத்த வேர் அதிலிருந்துதான் போயிருக்கும், நாளைக்குக் காலையில் அதைத் தோண்டிவிடலாம் என்றான். தாஜுன்னிசா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "தோண்டிக்கோப்பா. மூணு ஊட்டுக்குத் தண்ணி வரோணும், அதுதான் முக்கியம்" என்றாள்.

எல்லாரும் போன பிறகும் இளவேனிலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாசாணத்தின் கணக்கில் ஒரு இடம் உதைத்தது. குழாய் அந்தச் சுவரிலிருந்து நுழைகிறது என்றால் இணைப்பும் அங்கேதான் என்று என்ன நிச்சயம்? பொழுது சாயும் வேளையில், கேட்டுக்குப் பக்கத்தில் டைல்ஸ் போடாத ஒரு முழ மண்ணைக் களைக்கொத்தால் கிளறினாள். சும்மா பார்க்கலாம் என்றுதான். மண் மெத்தென்று வந்தது. முழங்கை ஆழத்தில் பெரிய குழாய். அதன் முதுகில் அவள் வீட்டுக்குப் பிரியும் சின்னக் குழாய். அது கேட்டருகே பிரிந்து, போர்டிகோவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கோடிச் சுவரில் ஏறியிருக்கிறது.

பெரிய குழாய் மேற்கொண்டு போகிற திசையில் நாலடி தள்ளி நாவல் மரம் நின்றது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்குத் தண்ணீர் வருவது, மரத்துக்கு முன்னாலேயே அவள் இணைப்பு பிரிந்துவிடுவதால். அடுத்த வீட்டுக்கு வராதது, நடுவில் நாவலின் வேர் குழாயை அடைத்துத் தண்ணீரைக் குடிப்பதால். இரண்டு வருஷ வறட்சியில் ஒரு மரம் மட்டும் பச்சையாக நின்றதற்கும், வந்தவர் போனவர் கைராசி என்றதற்கும், அவள் ஏன் என்று கேட்காமல் விட்ட ஒரே கேள்விக்கும் பதில் அதுதான்.

இளவேனில் மண்ணைத் தள்ளி மூடினாள். மிதித்து அமர்த்தினாள். வாசலுக்குத் தெளிக்கிற சாக்கில் மேலே தண்ணீர் தெளித்துக் கூட்டிவிட்டாள். தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் மனசு அதன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. இன்னும் மூன்று வாரம். மூன்றே வாரம். மருதாணியைத் தோண்டி ஒன்றும் இல்லை என்று தெரிய இரண்டு நாள். பிறகு கொய்யா, பிறகு வேம்பு. அதற்குள் ஆனி பிறந்துவிடும். அம்மா வந்து தன் கையால் ஒரு கொத்துப் பறித்துவிட்டால் போதும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரம் பார்த்து வள்ளியாத்தாள் போன் போட்டாள். கறுத்துச்சா கண்ணு என்று கேட்டாள். இன்னும் இல்லை அம்மா என்றாள் இவள். போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே மாசாணம் வந்துவிட்டான். தாஜுன்னிசா அவனுக்கு முன்னாலேயே எழுந்து வேலையில் இருந்தாள். மரம்தான் போகப்போகிறதே, இலையாவது வீணாகாமல் இருக்கட்டும் என்று கிளை கிளையாக உருவி முறத்தில் குவித்திருந்தாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் வீதிப் பெண்கள் எல்லாருக்கும் அந்த மரத்து மருதாணிதான். இலைகளைச் செய்தித்தாளில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, முதல் பொட்டலத்தோடு இளவேனில் வீட்டுக் கேட்டுக்கு வந்தாள்.

"உனக்குத்தான் கண்ணு முதல்ல. குழாயக் கண்டுபுடிச்ச கை."

இளவேனில் கை நீட்டவில்லை. அடுத்த வீட்டு வாசலில் மாசாணம் கடப்பாறையைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவள் கேட்டைத் திறந்து வெளியே வந்தாள்.

"அக்கா, அந்த மரத்துல ஒண்ணும் இல்லீங்க. தோண்ட வேண்டாம்னு சொல்லுங்க. என்ற நாவ மரத்துலதான் அடைப்பு இருக்குது."

தாஜுன்னிசாவுக்குப் புரியவில்லை. இளவேனில் நேற்றுப் பொழுதோடு தோண்டினதையும், பார்த்ததையும், மூடினதையும் ஒன்று விடாமல் சொன்னாள். தாஜுன்னிசா கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பாதி மொட்டையாகிவிட்ட தன் மரத்தைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று இளவேனில் காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் சுலபமாகக்கூட இருந்திருக்கும்.

"ராத்திரி தூங்கியிருக்க மாட்டே. கண்ணப் பாத்தாலே தெரியுது" என்றாள் தாஜுன்னிசா. பொட்டலத்தை இளவேனில் கையில் வைத்து அழுத்திவிட்டு மாசாணத்தைக் கூப்பிட்டாள்.

நாவல் மரத்தடியில் மண் வெண்ணெயாக வந்தது. குழாயின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் விரல் பருமன் வேர் ஒன்று நுழைந்திருந்தது. மாசாணம் அந்த இடத்தை அறுத்துக் கையை உள்ளே விட்டு இழுத்தான். இழுக்க இழுக்க வந்தது. ஈரத் தலைமுடியைப் பின்னிப் போட்டது போலப் பழுப்பு நிறத்தில், ஓர் ஆள் நீளத்துக்கு வேர்ச் சடை. சுற்றி நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். இளவேனில் மட்டும் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு துக்கத்திலும் அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இத்தனை இறுக்கமான மூட்டுக்குள் இது எப்படிப் போனது?

எந்நேரமும் தண்ணீர் முட்டி நிற்கிற குழாயில் வேர் நுழையாது என்றான் மாசாணம். ஒரு நாள் தண்ணீர், எட்டு நாள் காலி. காலியான குழாயில் ஈரமும் காற்றும் இருக்கும், வேருக்கு அதைவிடச் சொகுசான இடம் எது? மூட்டில் மயிரிழை விட்டிருந்தால் போதும், நுழைந்து உள்ளேயே குடித்தனம் போட்டுவிடும்.

"வேர மட்டும் வெட்டிப்போட்டு மரத்த உட்டுப்போடலாமுங்களா?" என்று இளவேனில் கேட்டாள்.

மாசாணம் மரத்தைச் சுற்றி ஒரு தடவை வந்தான். குழாய்ப் பள்ளத்தில்தான் எல்லா வேரும் ஓடியிருந்தது. மற்றப் பக்கமெல்லாம் சுக்காங்கல். மரம் அங்கே கால் ஊன்றவே இல்லை. இந்த வேரை வெட்டினால் ஆடிக் காற்றுக்கு மரம் நிற்காது, விழுந்தால் மின்கம்பியின்மேல்தான் விழும். குழாயைத் திருப்பலாம் என்றால் இந்தப் பக்கம் சம்ப்புத் தொட்டி, அந்தப் பக்கம் காங்கிரீட். வெட்டாமல் விட்டால் ஒரே வருஷத்தில் மறுபடி இதே சடை. அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். இளவேனில் ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எதிலும் ஓட்டை இல்லை.

அவள் முகத்தைக் கதிரேசன் பார்த்தார். நல்ல மனுஷர். இந்தப் பெண் வாயால் வெட்டச் சொல்ல வைப்பது பாவம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதனால்தான் பதினெட்டு வருஷமாக வீதியில் யாரும் சொல்லாததை அவர் சொன்னார்.

"மாசாணம், நீங்க பாட்டுக்கு வெட்டிப்போடுங்க. நெசத்தச் சொன்னா இந்த மூணடி ரோட்டச் சேந்தது. இதுல நிக்கிறது யாரு மரமும் இல்ல. யாரையும் கேக்க வேண்டியதில்லீங்க."

மாசாணம் அரிவாளை எடுத்தான்.

"இல்லீங்க" என்றாள் இளவேனில். "கேக்கோணும்."

"யாரைங்க?"

"என்னையக் கேக்கோணும்."

கதிரேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாஜுன்னிசா அவர் முன்னால் கையை நீட்டித் தடுத்தாள். மாசாணம் இளவேனில் முகத்தைப் பார்த்தான். அவனும் தோட்டத்துக் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவன்தான். யாரும் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. அவனுக்குத் தேவைப்படவும் இல்லை. அரிவாளைக் கீழே வைத்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அம்மணி, உங்க நாவ மரத்த வெட்டோணுமுங்க. வெட்டிக்கட்டுங்களா?"

அவள் காய்க் கொத்துகளை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றுகூடக் கறுக்கவில்லை. இந்தக் கேள்வியை அவள் அம்மாவிடமோ, அம்மாவின் அம்மாவிடமோ உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. சொன்னால் மாசாணம் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றும் தெரிந்தது.

"வெட்டிக்குங்க" என்றாள்.

மரம் கம்பிப் பக்கம் சாயாமல் இருக்க இந்தப் பக்கம் கயிறு பிடித்து இழுக்க ஆள் வேண்டும் என்றான் மாசாணம். இளவேனில் மருதாணிப் பொட்டலத்தை மதில்மேல் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் ஆளாகப் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.